ஒரு கல்லுக்கு டிக்கெட், ஒரு மலைக்குக் குத்தகை

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை இருக்கும். யாரும் கயிறு கட்டி நிறுத்துவதில்லை, தானாக உருவாகிவிடுகிறது. ஒருவர் சரிவில் ஏறிக் கல்லுக்கு அடியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கித் தள்ளுவதுபோல நடிப்பார். கீழே நிற்பவர் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் லெஃப்ட்ல வா, கை கல்லத் தொடுற மாதிரி இருக்கணும், மூஞ்சில கஷ்டத்தக் காட்டு" என்று இயக்குவார். கிளிக். அடுத்த குடும்பம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் நாங்களும் நின்றோம். நான், மனைவி, ஏழு வயது மகள், பத்து வயது அக்கா மகன். எங்கள் முறை வந்தது. பிள்ளைகள் இருவரும் தள்ளினார்கள். பதினொரு படங்கள் எடுத்தேன். போனில் இருந்த நேரத்தை வைத்துப் பிறகு கணக்குப் பார்த்தேன்: முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே நான்கு நிமிடம். "அடுத்து எங்க மாமா?" என்றான் அக்கா மகன்.

மகள் மட்டும் நகரவில்லை. "அப்பா, இது ஏன் உருண்டையா இருக்கு?"

"கிருஷ்ணரோட வெண்ணெய் உருண்டைம்மா அது."

"அது கதைப்பா. நிஜமா ஏன் உருண்டையா இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. நான்கு வருடம் பொறியியல் படித்தவன். ஒரு சர்வர் ஏன் விழுந்தது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் லாகைப் பார்த்துக் காரணம் சொல்வேன். சின்ன வயதிலிருந்து குறைந்தது பத்து முறை பார்த்த ஒரு கல் ஏன் உருண்டை என்று ஒருமுறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை. "வா, லைட்ஹவுஸ் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இந்தக் கட்டுரை அந்த இழுப்பைப் பற்றியது.

*

பாறைகளைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம்: "இது எது மாதிரி இருக்கு சொல்லு?" யானை மாதிரி, தவளை மாதிரி, வெண்ணெய் மாதிரி. பிள்ளை சரியாகச் சொன்னால் கைதட்டல். பிறகு போட்டோ. பிறகு ஐஸ்கிரீம். கல் இன்னொன்றின் போலியாக இருக்கும்வரை அதற்கு மதிப்பு. கல்லாக மட்டும் இருந்தால் அதைப் பார்க்க ஒன்றுமில்லை.

எதைப்போலவும் இல்லாத ஒரு மலையைப் பார்க்கும்போது நம் பிள்ளைக்கு என்ன தோன்றும்? ஒன்றும் தோன்றாது. நமக்குத் தோன்றாததுபோலவே. இதை நான் கெட்ட பழக்கம் என்று மட்டும் சொல்லவில்லை, பயிற்சி என்கிறேன். ஒன்றைப் பார், மற்றவற்றைப் பார்க்காதே என்று கொடுக்கப்படும் பயிற்சி. இதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மகளின் கேள்விக்குப் பதில். அன்று இரவே தேடிப் படித்தேன். ஒன்றும் கடினமில்லை, பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஆழத்தில் உருவான பாறைக்கு மேலே பெரிய சுமை இருக்கும். யுகக்கணக்கில் அந்தச் சுமை அரித்துக் கரையும்போது அழுத்தம் குறைந்து பாறையில் விரிசல்கள் விழும். குறுக்கும் நெடுக்குமாக விழும் விரிசல்களால் பாறை பெட்டி பெட்டியாகப் பிரியும். அந்த விரிசல்களில் மழைநீர் இறங்கும். நீர் பட்ட இடத்தில் பாறையின் கனிமங்கள் மெல்ல மெல்ல மண்ணாக மாறும். இப்போது ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கமிருந்து. மூலையை மூன்று பக்கமிருந்து. ஆகவே மூலைதான் முதலில் போகும். மூலைகள் போன பெட்டி என்ன ஆகும்? உருண்டை ஆகும். சுற்றியிருக்கும் மண்ணை மழை அடித்துக்கொண்டு போனபின் உருண்டை வெளியே நிற்கும்.

மறுநாள் காலை மகள் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டேன். "கடிக்காத. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துக் காட்டு." எடுத்துப் பார்த்தாள். மூலையெல்லாம் மழுங்கியிருந்தது. "அப்ப அந்தக் கல்லு மண்ணுக்குள்ளயா இருந்துச்சு?" என்றாள். அவ்வளவுதான். ஒரு கற்கண்டு, மூன்று நிமிடம். முந்தின நாள் அந்தக் கல்லடியில் நிற்க 40 ரூபாய் டிக்கெட் எடுத்த ஒருவனுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. கேள்விகளும் அவர்களிடம் இலவசமாகவே இருந்தன. நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கல் முழு உருண்டை இல்லை. சுற்றிவந்து பார்த்தால் ஒரு பக்கம் செதில் பிளந்து விழுந்ததுபோல வெட்டுப்பட்டிருக்கும். போட்டோ எடுக்கிற இடத்திலிருந்து அது தெரியாது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கைகோத்து நின்று உலகத்துக்கே காட்டிய படத்திலும் அது முழு உருண்டைதான். பிளந்த பக்கத்துக்கு யாரும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை. ஆனால் கல் எப்படி உடைகிறது, செதில் செதிலாக எப்படி உரிகிறது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

கைடுகள் சொல்வது வேறு. சுமார் 250 டன் எடை, பிரிட்டிஷ் கவர்னர் ஒருவர் யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையிலும் கல் என்னவாக இருக்கிறது? நகர்த்தப்படவேண்டிய ஒரு பொருளாக. நாம் கைதூக்கி நடிப்பதும் அதே காட்சியைத்தான்.

*

ஞாயிறன்று ஈசிஆரில் நெரிசல் என்று மேப் சொன்னது. திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்தோம். எங்கள் வீடு நங்கநல்லூரில். பல்லாவரம் தாண்டித் திரிசூலம் வரும்போது அக்கா மகன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"மாமா, அந்த மலைய யாரு கடிச்சா?"

அந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பல்லாவரம், பம்மல், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளில் கல் எடுத்து எடுத்து, ஒரு பக்கம் மலையாகவும் மறுபக்கம் செங்குத்துச் சுவராகவும் நிற்பவை உண்டு. நான் வாரத்துக்கு ஐந்து நாள் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். கடிபட்டிருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. காரணம் எளிது. அது எதைப்போலவும் இல்லை.

கடித்தது யாரென்று அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லலாம். நாம்தான். நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் தூண்களில் முக்கால் ஜல்லி இருக்கிறது, பூச்சில் எம்-சாண்ட் இருக்கிறது. இரண்டும் மலையை உடைத்து எடுத்தவை. இருபது வருடக் கடனில் வாங்கிய வீடு, பொடித்த மலைதான்.

பல்லாவரம் குன்றுகள் வெறும் ஜல்லி இல்லை என்பது பிறகு தெரிந்தது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் கருமையான, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும் பாறைக்குப் பெயர் சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. இங்கிருந்து கொண்டுபோனது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறையை ஆராய்ந்து, அந்தக் கல்லறையை வைத்தே பெயர் சூட்டினார். இன்று அன்டார்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் பெயர் அதுதான். உலகப் பாடப்புத்தகங்களுக்கு ஒரு பாறை வகையைக் கொடுத்தது நம் மின்சார ரயில் பாதையோரக் குன்று. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இன்னொன்று. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளை மண்ணிலிருந்து ஒரு கல் கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமைச் சந்தை மட்டும்.

பரங்கிமலை என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும். பதினொரு வருடமாகத் தெரிகிறது. அதை விட்டுவிட்டு ஐம்பது கிலோமீட்டர் காரோட்டிப் போய், டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று ஒரு கல்லைத் தள்ளுவதாக நடித்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் நிஜமாகவே தள்ளப்பட்ட மலை ஜன்னலில் வந்தது. நான் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

சட்டம் இந்த இரண்டு கற்களையும் எப்படிப் பார்க்கிறது என்று பாருங்கள். மாமல்லபுரச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. நல்லது, அவசியம். ஆனால் பிற மலைகளுக்கு 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தில் இருக்கும் பெயர் 'சிறு கனிமம்'. கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். 250 கோடி வயதுள்ள ஒன்றைச் சிறியது என்று எழுதிவைத்திருக்கிறோம். அதைக் குத்தகைக்கு விடலாம், அளந்து கட்டணம் வசூலிக்கலாம், தீர்ந்ததும் பள்ளத்தை விட்டுவிட்டு அடுத்த மலைக்குப் போகலாம்.

அந்தப் பள்ளங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோடை விடுமுறையில் கைவிடப்பட்ட குவாரிக் குட்டையில் குளிக்கப்போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தி வராத வருடம் உண்டா? நகரத்துப் பிள்ளை காசு கொடுத்துப் பாறை பார்க்கப் போகிறது. குவாரி ஊர்ப் பிள்ளைக்கு ஏறி விளையாட இருந்த பாறை போய், அதே இடத்தில் ஆழம் தெரியாத தண்ணீர் நிற்கிறது. இரண்டும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு முனைகள். 2017 வறட்சியில் மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். மலையைத் தூணாக நிறுத்தினோம், அதன் பள்ளத்தைக் குடித்தோம். மலைக்கு ஒரு பெயராவது தெரியுமா நமக்கு?

*

இதுவரை படித்தவர்கள் மூன்று விஷயங்கள் கேட்பீர்கள். நண்பர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

ஒன்று: "அப்ப வீடு கட்ட வேண்டாமா?" கட்ட வேண்டும். கல்லில்லாமல் ஊர் இல்லை, பல்லவர்களும் பாறையை வெட்டியவர்கள்தான். மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குடைவரைகளில் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெட்டிய தடம் அப்படியே இருக்கிறது. நான் கேட்பது வெட்டாதே என்று இல்லை. எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டு. ஒரு ஊரின் கடைசிக் குன்றை வெட்டுவதற்கு முன் அது கடைசிக் குன்று என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லக்கூடிய நிலை வேண்டும். தெரியாததை யாரும் எழுந்து சொல்ல முடியாது.

இரண்டு: "லீவு நாள்ல பசங்களுக்கு கிளாஸ் எடுக்கணுமா? ஜாலியா இருக்கட்டும் விடுப்பா." இதைக் கேட்டால் கோபம் வருகிறது. கேள்வி கேட்டது என் மகள். பதில் சொல்லாமல் இழுத்துப் போனவன் நான். பிள்ளைகள் அங்கே தாமாகச் செய்ததைப் பாருங்கள்: அந்தச் சரிவில் சறுக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கி அந்தப் பாறை வழவழப்பாகியிருக்கிறது. உடம்பால் பாறையைப் படிப்பது அவர்கள்தான். "டிரஸ் அழுக்காகும், இறங்கு" என்று கத்தியது நாங்கள். ஜாலியைக் கெடுத்தது யார்?

மூன்று: "கதை சொல்றது தப்பா? கிருஷ்ணர் வெண்ணெய்னு சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு?" இதுதான் நியாயமான கேள்வி. இதில் என் எண்ணமே மாறியது.

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போனால் ஏழு குன்றுகள் இருக்கின்றன. சமணர் படுக்கைகள், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், சுனைகள், ராஜாளிப் பருந்துகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. அறிவிப்புப் பலகை அதைத் தடுக்கவில்லை. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் தெருவில் இறங்கின, மதுரைவரை பேரணி போயின. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்களுக்கு ஒவ்வொரு குன்றுக்கும் பெயர் தெரியும், ஒவ்வொரு சுனைக்கும் சாமி உண்டு, கதை உண்டு. அந்தக் கதைகள்தான் மலையைக் காத்தன.

ஆகவே கதை எதிரி இல்லை. கதை தெரிந்தவனுக்கு அடுத்த சுனைக்கு வழி தெரியும், எந்த மாதம் தண்ணீர் வற்றும் என்று தெரியும். கதை அவனை மலைக்குள் கூட்டிப் போகிறது. நான் மகளிடம் சொன்ன வெண்ணெய்க் கதை அவள் வாயை அடைக்கச் சொன்னது. கேள்வியைத் தொடங்கிவைக்கும் கதை வேறு, கேள்வியை முடித்துவைக்கும் கதை வேறு. நம்மைப்போன்ற டிக்கெட் வாங்கும் கூட்டத்திடம் இரண்டாவது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஊர்க்காரனின் கதையும் நமக்கு இல்லை, நிலவியலும் இல்லை. போட்டோதான் இருக்கிறது.

*

சில கோரிக்கைகள். வெண்ணெய் உருண்டைக் கல்லுக்குப் பக்கத்தில், அது ஏன் உருண்டை என்று பத்து வரியில், படம் போட்டு, தமிழில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒரு பலகை வையுங்கள். பள்ளிகள் சுற்றுலாப் பேருந்து எடுப்பதற்கு முன், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பாறைக்கு ஒருமுறை வகுப்பைக் கூட்டிப் போகட்டும். பாறை போய்ப் பள்ளம்தான் இருக்கிறதென்றால் வேலிக்கு வெளியே நின்று பள்ளத்தைக் காட்டட்டும். ஒவ்வொரு வட்டத்திலும் எந்தெந்தக் குன்று இருந்தது, எது குத்தகையில் இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்பதைத் தாலுகா அலுவலகச் சுவரில் எழுதிப்போடட்டும். கடைசியாக என்னைப்போன்ற பெற்றோர்களுக்கு: ஒரு பாறை முன்னால் பிள்ளை நின்றால் நின்றுகொண்டிருக்கட்டும். பதில் தெரியாவிட்டால் "தெரியலம்மா, தேடிப் பாக்கலாம்" என்று சொல்லலாம். லைட்ஹவுஸ் எங்கேயும் போய்விடாது.

அடுத்த ஞாயிறு பரங்கிமலைக்குப் போனோம். படிகளில் ஏறும்போது ஓரத்துப் பாறையில் இருவரும் கையை வைத்துப் பார்த்தார்கள். வெயிலில் சுட்டது. எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டுகிறார்கள், வாசலில் ஜல்லி குவித்திருக்கிறார்கள். மேஸ்திரியிடம் கேட்டு அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து மகள் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். உடைந்த இடத்தில் அது மினுங்குவதை அவள்தான் எனக்குக் காட்டினாள்.

புதன்கிழமை பள்ளி டைரியில் குறிப்பு வந்தது: வகுப்புக்குக் கல் கொண்டுவரக் கூடாது, பெற்றோர் கையெழுத்திடவும். கையெழுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "மிஸ், இந்தக் கல் டைனோசரைவிட மூத்தது. ஒரே ஒரு முறை வகுப்பில் எல்லோரிடமும் கொடுத்துக் காட்ட முடியுமா?"

பதில் இன்னும் வரவில்லை. கல் பென்சில் டப்பாவில்தான் இருக்கிறது.